வாய் காய்ந்தால் அது தாகம்தானா? சிறுநீரக நோயாளிகளின் வாய் நலம் பற்றி ஓர் எளிய விளக்கம்

சிறுநீரகம் பழுதானவருக்கு வாய் காய்ந்தால், உடம்பு தண்ணீர் கேட்கிறது என்றுதான் வீட்டில் எல்லாரும் நினைக்கிறோம். பல நேரங்களில் அப்படி இல்லை. தேவைக்கு மேல் நீர் தேங்கி, கால் வீங்கி, படியேறினால் மூச்சு வாங்குகிற நிலையிலும் வாய் மட்டும் காய்ந்து கிடக்கும். அந்த வாய்க்காக ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தால் ஆறுதல் சில நிமிடங்களுக்குத்தான். குடித்த தண்ணீரோ அடுத்த டயாலிசிஸ் வரைக்கும் உடம்பிலேயே நிற்கும்.

நான் பினாங்கில் ஒரு டயாலிசிஸ் நிலையத்தில் தாதியாக இருக்கிறேன். எங்களிடம் வரும் தமிழர்களுக்குப் பொட்டாசியம் என்றால் என்ன, இரத்த அழுத்தம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதெல்லாம் நன்றாகவே தெரியும். வாயைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை. பல் டாக்டரைப் பார்த்துப் பல வருடம் ஆனவர்கள் நிறையப் பேர். "கிட்னியே போயிருச்சு, இனி பல்லப் பாத்து என்ன ஆகப்போகுது" என்பார்கள். அந்த நினைப்பு அவர்களுக்கு எவ்வளவு நட்டத்தைக் கொடுக்கிறது என்பதை அருகிலிருந்து பார்ப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

மலேசியாவில் நாள்பட்ட சிறுநீரக நோய் உள்ளவர்கள் 2011-இல் 9.07 விழுக்காடு என்று கணக்கிட்டார்கள். 2018-இல் அது 15.48 விழுக்காடு ஆகிவிட்டது. புதிதாக டயாலிசிஸ் தொடங்குபவர்களில் பாதிப் பேருக்கு மேல் நீரிழிவுதான் காரணம். நீரிழிவு தனியாகவே வாயை உலர்த்தும், ஈறையும் கெடுக்கும். ஆகவே நம் வீடுகளில் பெரும்பாலும் இரண்டும் ஒன்றாகத்தான் வந்து நிற்கின்றன.

எச்சில் என்ன வேலை செய்கிறது?

ஆரோக்கியமான ஒருவருக்கு ஒரு நாளில் சுமார் அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை எச்சில் ஊறும். காதுக்கு முன்னால், தாடைக்கு அடியில், நாக்குக்கு அடியில் என்று மூன்று ஜோடிப் பெரிய சுரப்பிகள் அதைச் சுரக்கின்றன. உதட்டின் உள்பக்கமும் கன்னத்திலும் நூற்றுக்கணக்கான சின்னச் சுரப்பிகள் வேறு.

எச்சில் வெறும் ஈரம் என்று நினைக்க வேண்டாம். சாப்பிட்டதும் வாயிலுள்ள கிருமிகள் சீனியைத் தின்று அமிலத்தை வெளிவிடும். அந்த அமிலத்தை முறிப்பது எச்சில். அமிலம் அரித்த பல்லின் மேல் கால்சியமும் பாஸ்பேட்டும் கொண்டுவந்து பூசுவதும் அதுதான். கிருமிகளைக் கட்டுப்படுத்தும் பொருள்களும் அதில் இருக்கின்றன. சோற்றை உருட்டி விழுங்க, உப்பும் புளிப்பும் நாக்கில் தெரிய, பொய்ப்பல் ஈறோடு ஒட்டி நிற்க, நாக்குப் புரண்டு பேச, எல்லாவற்றுக்கும் அது வேண்டும். எச்சில் குறைந்தால் இவை அத்தனையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கெடும். அது மெதுவாக நடப்பதால், பல் ஆடத் தொடங்கும் வரை பலருக்குத் தெரிவதில்லை.

வாய் காய்வதாகத் தோன்றுவது ஒன்று, எச்சில் உண்மையாகவே குறைவது இன்னொன்று. சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 0.1 மில்லிலிட்டருக்கும் கீழே போனால், சுரப்பு குறைந்துவிட்டது என்று பல் மருத்துவர்கள் சொல்வார்கள். சிலருக்கு அளந்து பார்த்தால் எச்சில் சரியாக இருக்கும், வாய் மட்டும் காய்வது போலவே இருக்கும். அந்த உணர்வும் உண்மையானதுதான். அதைச் "சும்மா சொல்றாங்க" என்று தள்ளிவிடக் கூடாது.

சிறுநீரக நோயாளிக்கு எச்சில் ஏன் குறைகிறது? காரணம் ஒன்றே ஒன்று என்றால் சமாளிப்பது சுலபமாக இருந்திருக்கும். குடிக்கும் நீருக்குக் கட்டுப்பாடு இருப்பது ஒரு காரணம். நாள்பட்ட நோயில் எச்சில் சுரப்பிகளே சுருங்கிப் பழுதடைவது இன்னொன்று. வயது ஒரு பக்கம், நீரிழிவு ஒரு பக்கம். மூக்கடைத்து இரவில் வாயால் மூச்சு விடுவதும் சேர்ந்துகொள்ளும்.

மருந்துகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். டயாலிசிஸ் செய்பவர்களுக்கு உடம்பு அரிப்பது சாதாரணம். அதற்குக் கொடுக்கும் அரிப்பு மாத்திரைகள் வாயை உலர்த்தும். இரத்த அழுத்தத்துக்கான குளோனிடின், நீர் பிரிக்கும் மாத்திரை, கால் எரிச்சலுக்குக் கொடுக்கும் கபாபென்டின், தூக்கத்துக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கும் அமிட்ரிப்டிலின், இவையும் உலர்த்தக்கூடியவை. பத்து வகை மாத்திரை விழுங்குபவரிடம் இவற்றில் இரண்டு மூன்றாவது இருக்கும். இதைப் படித்துவிட்டு எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். மாத்திரைப் பையை அப்படியே கிளினிக்குக் கொண்டுபோய், "டாக்டர், இதில் வாயைக் காயவைப்பது எது? மாற்று இருக்கிறதா?" என்று கேளுங்கள். சில நேரம் மருந்தை மாற்றக்கூட வேண்டியிருக்காது, சாப்பிடும் நேரத்தை மாற்றினாலே போதும்.

தாகம் வரும் வழி

நிஜத் தாகம் வேறு வழியில் வருகிறது. இரத்தத்தில் உப்பின் அடர்த்தி கூடினால் மூளை அதைக் கண்டுகொண்டு "குடி" என்று உத்தரவு போடும். அந்த உத்தரவை மன உறுதியால் மட்டும் மீறுவது மிகவும் கடினம். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்று நம் பெரியவர்கள் வேறு பொருளில் சொன்னது, இங்கே சொல்லுக்குச் சொல் அப்படியே நடக்கிறது. கணக்காகப் பார்த்தால், உடம்பில் சேரும் சுமார் 8 கிராம் உப்பு ஒரு லிட்டர் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உலகச் சுகாதார நிறுவனம் எல்லாருக்கும் சொல்லும் வரம்பே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்தான். அதாவது ஒரு தேக்கரண்டி. சில மீ (நூடுல்ஸ்) பாக்கெட்டுகளில் அந்த 5 கிராமில் பாதி அந்தத் தூள் பொட்டலத்திலேயே இருக்கிறது.

இரத்தத்தில் சர்க்கரை ஏறினாலும் தாகம் எடுக்கும். காலையில் 15, 16 மில்லிமோல் (ஏறக்குறைய 270, 290 மில்லிகிராம்) என்று சர்க்கரை நிற்கிறவரிடம் "தண்ணியைக் குறைங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. முதலில் சர்க்கரையை இறக்க வேண்டும்.

சிறுநீர் குறைந்துபோன டயாலிசிஸ் நோயாளிக்கு வழக்கமாகச் சொல்லும் அளவு: முந்தின நாள் போன சிறுநீரின் அளவு, அதோடு ஒரு 500 மில்லிலிட்டர். சூப், ரசம், கஞ்சி, ஐஸ் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். இரண்டு டயாலிசிஸுக்கு இடையில் ஏறும் எடை, உலர் எடையில் (தேங்கிய நீரை எடுத்தபின் இருக்க வேண்டிய எடையில்) 4 முதல் 4.5 விழுக்காட்டுக்குள் இருக்கப் பார்ப்போம். 60 கிலோ உள்ளவருக்கு அது ஏறக்குறைய இரண்டரை கிலோ. வயிற்று வழி டயாலிசிஸ் செய்பவர்களுக்கும், இன்னும் சிறுநீர் நன்றாகப் போகிறவர்களுக்கும் அளவு வேறு. நோயின் தொடக்கக் கட்டத்தில் இருப்பவர்கள் இதைப் பார்த்துவிட்டுத் தாங்களாகத் தண்ணீரைக் குறைத்துவிடக் கூடாது. அவர்களுக்கு அது கெடுதல். உங்கள் அளவை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

அசாம் போய், ஜாதிக்காய், இளநீர்

பினாங்குக்காரர்களுக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. இது ஊறல் பழங்களின் ஊர். சௌராஸ்தா மார்க்கெட்டில் ஜாதிக்காய், மாங்காய், நெல்லிக்காய் என்று ஜாடி ஜாடியாக அடுக்கியிருப்பதைப் பார்த்தாலே வாய் ஊறும். வாய் காய்கிறவருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

எங்கள் நிலையத்துக்கு வரும் ஓர் ஆன்ட்டிக்கு ஒவ்வொரு முறையும் எடை மூன்றரை, நாலு கிலோ ஏறி இருக்கும். தண்ணீரை அளந்துதான் குடிப்பதாகச் சொல்வார். பொய் சொல்கிறவர் இல்லை. ஒருநாள் எடை பார்க்கும் மெஷினில் ஏறுவதற்கு முன் கைப்பையை என்னிடம் கொடுத்தார். திறந்திருந்த பையில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பா நிறைய அசாம் போய்.

"இது என்ன ஆன்ட்டி?"

"தண்ணி குடிக்கக் கூடாதுன்னுதானே சொன்னீங்க மிஸி. வாய் காயுறப்போ ஒண்ணு எடுத்து அடக்கிக்குவேன். எச்சி நல்லா ஊறுது."

எச்சில் ஊறுவது உண்மைதான், புளிப்பு அதைச் செய்யும். ஆனால் அசாம் போய் உப்பிலேயே ஊறிக் காய்ந்த பிளம்ஸ் பழம். ஒன்றை அடக்கினால் வாய் நனையும், உப்பு உள்ளே போகும், அரை மணி நேரத்தில் அசல் தாகம் வந்துவிடும். வாய் வறட்சிக்கு மருந்து என்று நினைத்து அவர் தாகத்தைத் தின்றுகொண்டிருந்தார். அதைச் சொன்னபோது அவர் முகம் வாடியதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. அத்தனை நாளும் கட்டுப்பாடாக இருப்பதாக நம்பியிருந்தவர் அவர். அசாம் போயை விட்டுவிட்டுச் சீனியில்லாத சூயிங்கம்முக்கு மாறினார். குழம்பில் உப்பையும் மகள் குறைத்தாள். எடை ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. ஆனாலும் மெல்ல இறங்கியது.

இதோடு சேர்த்து இன்னும் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். வெயிலுக்கு நல்லது, உடம்பு குளிரும் என்று இளநீர் வாங்கிக் கொடுப்பார்கள். இளநீரில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் வேலை செய்யாதவருக்கு அது இதயத் துடிப்பையே குலைத்துவிடும். பார்லித் தண்ணீர் கிட்னிக்கு நல்லது என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். எப்படிப் பார்த்தாலும் அதுவும் தண்ணீர்தான், அளவில் சேரும். சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதில் பெரும்பாலும் பொட்டாசியம் கலந்திருக்கும், அதைத் தொடவே வேண்டாம். வெற்றிலை பாக்கு போட்டாலும் எச்சில் ஊறும். ஆனால் பாக்கு வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள். எச்சிலுக்காக அதைத் தொடங்காதீர்கள்.

நட்சத்திரப் பழத்தைத் தனியாகவே சொல்ல வேண்டும். பெலிம்பிங் என்று மார்க்கெட்டில் கிடைப்பது. புளிப்பும் சாறும் நிறைந்தது, வாய் காய்ந்தவரை இழுக்கும். அதிலுள்ள நச்சுப் பொருளைச் சிறுநீரகத்தால்தான் வெளியேற்ற முடியும். வெளியேற்ற முடியாதவருக்கு அது மூளையைத் தாக்கும். நிற்காத விக்கலில் ஆரம்பித்து, மனம் குழம்பி, வலிப்பு வந்து, உயிரையே எடுத்திருக்கிறது. ஒரு துண்டுகூடக் கூடாது. பழச்சாறு வாங்கினாலும் ஊறல் பழம் வாங்கினாலும் அதில் பெலிம்பிங் கலந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

சரி, என்னதான் செய்வது?

உடம்புக்குள் நீரை ஏற்றாமல் வாயை மட்டும் நனைக்க வேண்டும், அவ்வளவுதான்.

மிகச் சுலபமானது, குளிர்ந்த நீரால் வாய் கொப்பளித்துத் துப்புவது. எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யலாம். துப்புவதில்தான் விஷயம் இருக்கிறது. ஃப்ரிஜ்ஜில் ஒரு கப் தண்ணீரை இதற்கென்றே தனியாக வைத்துக்கொண்டால், குடிக்கிற தண்ணீரோடு கணக்குக் குழம்பாது.

அடுத்தது சீனியில்லாத சூயிங்கம். மெல்லும்போது சுரப்பிகள் தூண்டப்பட்டு எச்சில் ஊறும். ஹீமோடயாலிசிஸ் (மெஷினில் இரத்தத்தைச் சுத்தம் செய்யும் டயாலிசிஸ்) நோயாளிகளிடம் சூயிங்கம்மையும் செயற்கை எச்சிலையும் ஒப்பிட்டு நெதர்லாந்தில் செய்த ஆய்வு 2005-இல் வெளிவந்தது. அதில் கூடுதல் பேர் சூயிங்கம்மையே விரும்பினார்கள். சைலிட்டால் சேர்ந்ததாக இருந்தால் பல்லுக்கும் நல்லது, கிருமிகளால் அதைத் தின்று அமிலம் உண்டாக்க முடியாது. பொய்ப்பல் கட்டியவர்களுக்கும், சுரப்பி முற்றிலும் பழுதானவர்களுக்கும் மெல்லுவது ஒத்துவராது. அவர்களுக்கு மருந்துக்கடையில் செயற்கை எச்சில் ஜெல்லாகவும் ஸ்பிரேயாகவும் கிடைக்கிறது. படுக்கப்போகும் முன் ஈறிலும் கன்னத்தின் உள்பக்கத்திலும் ஜெல்லைத் தடவிக்கொண்டால் நடு இரவில் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்வது குறையும்.

ஐஸ் கட்டி நல்ல வழி, அளந்தால் மட்டும். ஐஸ் தட்டில் ஊற்றும் தண்ணீரை முதலில் அளவுக் குடுவையில் அளந்து, கட்டிகளின் எண்ணிக்கையால் வகுத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டி எத்தனை மில்லி என்று தெரிந்துவிடும். அதே அளவு தண்ணீரை ஒரே மடக்கில் குடிப்பதைவிட, கட்டியாக வாயில் வைத்துக் கரைத்தால் நெடுநேரம் நிற்கும். பாலும் சீனியும் தூக்கலாகப் போட்ட தே தாரிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு மணி நேரம் உறிஞ்சிக்கொண்டிருப்பது இதற்கு நேர் எதிர். அவ்வளவு நேரமும் பல் சீனியில் நனைந்துகொண்டே இருக்கும், கழுவிவிட எச்சிலும் இல்லை. கட்டிப்பாலில் பாஸ்பேட்டும் உண்டு. தேநீர் வேண்டுமென்றால் பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங், அளவான கப்பில், ஒரே அமர்வில் குடித்து முடித்துவிடுங்கள்.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்கு நடக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல். ஒவ்வொரு பந்தலிலும் அன்போடு நீட்டுவார்கள், மறுப்பதற்கு மனம் வராது. டயாலிசிஸ் செய்பவராக இருந்தால் காலையிலேயே அன்றைய அளவைச் சின்னப் புட்டியில் எடுத்துக்கொள்ளுங்கள். பந்தலில் நீட்டுகிற கப்பை வாங்கி உடன் வருபவரிடம் கொடுத்துவிடுங்கள். வியர்த்துக் கொட்டும் நாளில் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கலாமா என்பதை டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

வாய் நாற்றமும் இரும்புச் சுவையும்

சிறுநீரகம் வெளியேற்றாத யூரியா இரத்தத்தில் சேரும், அங்கிருந்து எச்சிலுக்கும் வரும். வாயில் உள்ள சில கிருமிகள் அதை உடைத்து அம்மோனியா ஆக்கும். மூச்சில் வரும் அந்த வாடைக்கும், வாயில் எப்போதும் ஏதோ இரும்பைச் சப்பியது போன்ற சுவைக்கும் இதுவே முக்கியக் காரணம். இதற்கும் சுத்தக் குறைவுக்கும் சம்பந்தமில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பேசும்போது முந்தானையால் வாயை மூடிக்கொள்ளும் பெண்களைப் பார்க்கிறேன். பேரப்பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சத் தயங்கும் தாத்தாவைப் பார்க்கிறேன். வீட்டார் முகம் சுளித்தால் அவர்கள் பேச்சையே குறைத்துக்கொள்கிறார்கள். சுவை கெட்டதால் சாப்பாடும் குறைகிறது. இறைச்சியும் மீனும் பிடிக்காமல் போய்ப் புரதச் சத்து இறங்கும். டயாலிசிஸ் செய்பவருக்கு அது பெரிய இழப்பு.

டயாலிசிஸை ஒரு முறைகூட விடாமல், முழு நேரமும் செய்தால் யூரியா இறங்கும், வாடையும் குறையும். நாக்கின் மேல் படிந்த வெள்ளைப் படலத்தை மென்மையாக வழித்து எடுங்கள். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் வாயை இன்னும் உலர்த்தும், ஆல்கஹால் இல்லாததை வாங்குங்கள். சாப்பாட்டில் உப்புக்குப் பதில் எலுமிச்சைச் சாறு சில துளி, மல்லித்தழை, இஞ்சி, பூண்டு, மிளகு சேர்த்தால் செத்துப்போன நாக்குக்குக் கொஞ்சம் உயிர் வரும்.

பல்லும் ஈறும்

எச்சிலில் அம்மோனியா இருந்தால் அமிலம் முறியும் அல்லவா, அப்படியென்றால் சொத்தை வராதா என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. சிறுநீரக நோயுள்ள குழந்தைகளிடம் சொத்தைப்பல் குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. பெரியவர்கள் அதை நம்பி இருந்துவிட முடியாது. எச்சில் வற்றி, ஈறு இறங்கி, பல்லின் வேர்ப்பகுதி வெளியே தெரியத் தொடங்கினால் அங்கே சொத்தை வேகமாகப் பிடிக்கும்.

காரை படிவதும் இவர்களுக்கு அதிகம். எச்சிலில் அமிலத்தன்மை குறைந்து, பாஸ்பேட்டும் கூடும்போது, பல்லோரத்தில் கல் போலப் படியும். அந்தக் காரையில் கிருமிகள் தங்கி ஈறு வீங்கும். இரத்தசோகையால் ஈறு வெளுத்திருப்பதால், வழக்கமான சிவப்பு வீக்கம் கண்ணுக்கு எளிதில் படாமலும் போகலாம். நீண்டகால ஈறு நோய் என்றால் உடம்புக்குள் ஓயாமல் ஓர் அழற்சி நடக்கிறது என்று பொருள். நீரிழிவுக்காரருக்கு அது சர்க்கரையையும் ஏற்றும். கழுத்தில் இருந்துகொண்டு இரத்தத்தின் கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு சுரப்பி அதிகமாக வேலை செய்பவர்களுக்குத் தாடை எலும்பிலிருந்தும் கால்சியம் கரைந்து பல் ஆடலாம். இரத்தத்தில் பாஸ்பேட் ஏறுவது அந்தச் சுரப்பியைத் தூண்டிவிடும். அதனால்தான் பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்தும் மாத்திரையைச் சாப்பாட்டோடு சேர்த்து ஒழுங்காகச் சாப்பிடச் சொல்கிறோம்.

வாயில் துடைத்தால் வரும் வெள்ளைப் படலம், உதட்டோரத்தில் வெடிப்பு, நாக்கு எரிச்சல் இருந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். பொய்ப்பல்லை இரவில் கழற்றிக் கழுவித் தண்ணீரில் போட்டு வைப்பது இதைப் பெரிதும் குறைக்கும். கழற்றாமல் தூங்குகிறவர்கள் நம்மிடையே அதிகம்.

தினசரி வேலை ஒன்றும் பெரிதில்லை. மென்மையான பிரஷ், ஃபுளோரைடு உள்ள பற்பசை, காலையும் இரவும். துலக்கியபின் பசையைத் துப்பிவிட்டு நிறையத் தண்ணீரால் அலசாமல் விடுங்கள், ஃபுளோரைடு பல்லில் தங்கட்டும். பசையை விழுங்க வேண்டாம், ஃபுளோரைடையும் சிறுநீரகம்தான் வெளியேற்றுகிறது. வாந்தி எடுத்திருந்தால் உடனே துலக்காமல் வாயை மட்டும் கொப்பளித்துவிட்டு, அரை மணி நேரம் கழித்துத் துலக்குங்கள். துலக்கும்போது இரத்தம் வந்தால் துலக்குவதை நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தினால் ஈறு இன்னும் வீங்கி, இன்னும் அதிகமாகக் கசியும்.

பல் டாக்டரிடம் போகும்போது

டயாலிசிஸ் செய்த அன்றே பல் பிடுங்க வேண்டாம். இரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பரின் கொடுத்திருப்போம். யூரியாவால், இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களும் மந்தமாக வேலை செய்யும். மறுநாள்தான் தோதான நாள், ஹெப்பரின் போயிருக்கும், இரத்தமும் சுத்தமாக இருக்கும். திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ் என்றால் செவ்வாய் அல்லது வியாழன் கேளுங்கள். ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக இரத்தக் குழாய்களை இணைத்துச் செய்த இடம்) உள்ள கையில் இரத்த அழுத்தம் பார்க்கவோ ஊசி போடவோ விடாதீர்கள். அரசுப் பல் கிளினிக்காக இருந்தாலும் தனியார் கிளினிக்காக இருந்தாலும், மருந்துப் பட்டியலையும் கடைசி இரத்தப் பரிசோதனைத் தாளையும் கையோடு கொண்டுபோங்கள். எந்த ஆன்டிபயாட்டிக், எவ்வளவு என்பதைச் சிறுநீரகத்துக்கு ஏற்ப மாற்ற வேண்டியிருக்கும். எலும்புத் தேய்மானத்துக்கு ஊசி போட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள், பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகும் அபாயம் உண்டு. இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் ஆஸ்பிரின், வார்ஃபரின் போன்றவற்றை நீங்களாக நிறுத்திவிட்டுப் போகாதீர்கள்.

பல்வலி பெரும்பாலும் இராத்திரியில்தான் வரும். வீட்டில் இருக்கிற பொன்ஸ்தானையோ வோல்டாரனையோ எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். மெஃபெனாமிக் அமிலம், டைக்லோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் மிச்சமிருக்கும் சிறுநீரகச் செயலையும் அழித்துவிடக்கூடியவை. டயாலிசிஸ் தொடங்காதவர்களுக்கு இது மிகவும் முக்கியம், அந்த மிச்சத்தைக் காப்பாற்றுவதற்காகத்தானே இத்தனை பாடும். பாராசிட்டமோலை அளவோடு எடுக்கலாம். அதிலும் தண்ணீரில் போட்டால் பொங்குகிற வகை வேண்டாம், ஒரு மாத்திரையிலேயே கிட்டத்தட்ட 400 மில்லிகிராம் சோடியம் இருக்கும்.

சிறுநீரக மாற்று அறுவைக்குக் காத்திருப்பவர்களுக்குப் பல் ஒரு நிபந்தனையாகவே வந்து நிற்கும். அறுவைக்குப் பின் நோய் எதிர்ப்புச் சக்தியை மருந்தால் அடக்கிவைப்பார்கள். அப்போது சீழ் பிடித்த ஒரு பல் உடம்பு முழுவதற்கும் ஆபத்து. அதனால் வாயில் தொற்று இல்லை என்று பல் மருத்துவர் எழுதித் தர வேண்டியிருக்கும். சிறுநீரகம் கொடுக்க வீட்டில் ஆள் தயாராக இருந்தும், நாலைந்து பல்லைச் சரிசெய்யும் வரை காத்திருக்கும் நிலை வேண்டாமே. ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்த்துவந்தால் அந்தப் பிரச்சினையே எழாது. கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கு மலாயாப் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவப் புலத்திலும் பொதுமக்களுக்குச் சிகிச்சை உண்டு.

மாற்று அறுவை முடிந்தபிறகு, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் சைக்லோஸ்போரின் மருந்தைச் சாப்பிடுகிறவர்களுக்கு ஈறு தடித்துப் பல்லை மூடுமளவுக்கு வளரலாம். இரத்த அழுத்தத்துக்கான நிஃபெடிபின், அம்லோடிபின் மாத்திரைகளும் அதைச் செய்யக்கூடியவை, சேர்ந்தால் இன்னும் கூடும். காரை இல்லாத சுத்தமான வாயில் இந்த வளர்ச்சி குறைவாகவே இருக்கும். தேவைப்பட்டால் டாக்டர் மருந்தை மாற்றிக் கொடுப்பார்.

கன்னமோ தாடையோ வீங்கிக் காய்ச்சல் வந்தாலும், விழுங்கவோ வாயைத் திறக்கவோ முடியாமல் போனாலும், பல் பிடுங்கிய இடத்தில் பஞ்சைக் கடித்து அரை மணி நேரம் அழுத்தியும் இரத்தம் நிற்காவிட்டாலும், அடுத்த டயாலிசிஸ் நாள் வரட்டும் என்று இருக்காமல் உடனே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். போனதும் முதல் வார்த்தையாக டயாலிசிஸ் நோயாளி என்பதையும், கடைசியாக என்று டயாலிசிஸ் செய்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.